மூடியின் மேல் உட்கார்ந்தவர்

அந்த அக்கா சாந்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. காலை ஏழு மணிக்குப் பேஸ்மென்ட் சரிவில் இறங்கும்போதே யாரையாவது திட்டிக்கொண்டுதான் இறங்குவார். ஆள் அகப்படாவிட்டால் மோட்டாருக்குத் திட்டு விழும். மோட்டார் ஒழுங்காக ஓடுகிற நாளில், "நேத்து மட்டும் உனக்கு இன்னா நோவு?" என்று அதற்கும் ஒரு கேள்வி இருக்கும்.

படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஐந்து பிளாக் ஜனங்களும் குளித்து, துவைத்து, கழுவி அனுப்புவதெல்லாம் தரைக்குக் கீழே இருக்கும் தொட்டிகளுக்கு வரும். அதைச் சுத்தம் செய்து தோட்டத்துக்கு விடும் தண்ணீராக மாற்றுகிற இடத்துக்கு எஸ்.டி.பி. என்று பெயர். அதைப் பார்த்துக்கொண்டவர் அந்த அக்கா. வயது நாற்பத்தைந்து இருக்கும். பெருக்கித் துடைக்கிற வேலைக்குத்தான் முதலில் வந்தாராம். எஸ்.டி.பி.க்கு வந்த ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக நாற்றம் தாங்காமல் ஓடிப்போக, துடைப்பத்தோடு நின்று வேடிக்கை பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த இவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். நான் தரைத்தளத்தில் எஸ்டேட் ஆபீஸ் ஏ.சி.யில் உட்கார்ந்து புகார்களை எழுதிக்கொள்கிறவள்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர்தான் வேண்டாம் என்றார். "பேர்லாம் போடாத. பொண்ணுக்கு வரன் பாத்துகினு கீறோம். எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. வரவனுங்களுக்கு வெக்கம். அவனுங்க மட்டும் எதுவும் போறதே இல்ல பாரு."

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே எனக்குத் திட்டு விழுந்தது. பி பிளாக்கில் ஒரு வீட்டுக் குளியலறையில் நாற்றம் என்று புகார் வந்தது. இன்டர்காமில் கீழே கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பெண் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனபடி, புகாருக்கு நேரே 'அட்டெண்டட்' என்று எழுதி நோட்டை மூடினேன். தினமும் மதியம் அந்த நோட்டைப் பார்க்க அவரே வருவார் என்பது எனக்குத் தெரியாது. ரப்பர் பூட்ஸும் முழங்கை வரை ஈரமுமாக வந்து நின்று, நோட்டைத் தன் பக்கம் திருப்பி, அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தார்.

"இது யாரு எழுதுனது?"

"நான்தான்க்கா."

"அட்டெண்டட்னா இன்னா அர்த்தம்?"

"பாத்தாச்சுன்னு..."

"யாரு பாத்தா? நான் பாக்கல. நீயும் பாக்கல. அப்ப எவன் வந்து பாத்துட்டுப் போனான்?"

"வா" என்று முன்னால் நடந்தார். கீழே, இரும்புப் படிகளில் ஏற்றி, முதல் தொட்டியின் ஓரத்தில் என்னை நிறுத்தி "மோந்து பாரு" என்றார். அழுகிய முட்டை. அடுத்த தொட்டிக்கு இழுத்துப் போனார். காப்பி நிறத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. "இப்ப மோந்து பாரு." தயங்கித் தயங்கி முகர்ந்தேன். சாக்கடை வாசனையே இல்லை. வெயிலில் காய்ந்த மண்ணில் முதல் தூறல் விழுந்த மாதிரி இருந்தது.

"இந்த வாசன இருந்தா வேல ஒழுங்கா நடந்துகினு கீதுன்னு அர்த்தம். உள்ள கண்ணுக்குத் தெரியாத ஜீவன் கோடிக்கணக்குல கீது. அதுங்கதான் திங்குது. நான் காத்து குடுக்கறேன், அவ்ளோதான். பி பிளாக்ல நாத்தம்னா இங்கேந்து போல. அப்ப எங்கேந்து போது? அது தெரியாம ஒரு வார்த்தய எழுதி மூடிட்ட நீ."

அன்று சாயங்காலம் அவர் பி பிளாக் மொட்டை மாடிவரை ஏறி, காற்றுக் குழாயின் வாயில் காக்கை கூடு கட்டி அடைத்திருந்ததைக் கண்டுபிடித்த பிறகுதான் வீட்டுக்குப் போனார். நோட்டில் என் எழுத்தை அடித்துவிட்டு, தன் கோணல் எழுத்தில் 'காக்கா கூடு, எடுத்தாச்சு' என்று எழுதிவைத்திருந்தார்.

இதையும் சொல்லிவிட வேண்டும். நான் திருக்கழுக்குன்றத்தில் கோயில் உத்தியோகக் குடும்பத்தில் பிறந்தவள். அன்று வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளித்தேன். ஏன் என்று அம்மா கேட்டதற்கு வெயில் என்றேன். ஊழியர்கள் சாப்பிடும் அறையில் ஒரு வாரம் அவரிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன். எட்டாம் நாள், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சாப்பாட்டுக்கு முன்ன மூணு தடவ சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவறேன் நான். நீ தட்டறியே கீபோர்டு, அத என்னிக்காவது கழுவியிருக்கியா?" மறுநாள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அதை நினைத்து இன்றுவரை எனக்குப் பெருமை இல்லை. எட்டு நாள் ஆனதே என்ற எரிச்சல்தான்.

அவருடைய ஊர் தையூர்ப் பக்கம். அவர் அம்மா, இப்போது அந்தக் கட்டடம் நிற்கிற நிலத்தில் யாருக்கோ நாற்று நட்டவராம். ஒருநாள் அதைச் சொல்லிவிட்டு, "அம்மாவும் சேத்துலதான் நின்னுச்சு, நானும் சேத்துலதான் நிக்கறேன். நான் பூட்ஸ் போட்டுகினு கீறேன், அவ்ளோதான் வித்தியாசம்" என்றார். அந்த பூட்ஸையும் அவர் சண்டை போட்டுத்தான் வாங்கியிருந்தார்.

சனிக்கிழமைதோறும் தொட்டியில் வெள்ளை நுரை பொங்கும். மற்ற நாளில் இருக்காது. வேறு யாராக இருந்தாலும் தண்ணீரைப் பீய்ச்சி நுரையை அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். முன்னால் இருந்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். இவருக்கு அது ஆகாது. "சனிக்கெழம மட்டும் ஏன்?" என்று என்னிடம் கேட்டார், தோட்டக்காரரிடம் கேட்டார், பால்காரரிடம் கூடக் கேட்டார். காலியான ஊறுகாய் பாட்டில்களைச் சேர்த்துக் கழுவி, ஒவ்வொன்றிலும் பிளாக்கின் எழுத்தை ஒட்டி, சனிக்கிழமை காலையில் மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு பிளாக்கின் குழாய் வந்து சேரும் இடத்திலும் தண்ணீர் எடுத்தார். சுவரோரம் வரிசையாக வைத்துக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தார். மூன்று சனிக்கிழமை இதே வேலை. நுரை சி பிளாக்கிலிருந்து வருகிறது. அதுவும் பத்து மணிக்கு. அந்த பிளாக்கில் ஒவ்வொரு குழாயாகத் தேடிப்போனதில், இரண்டாம் மாடியில் ஒரு வீட்டுக் குழாய்.

அந்த வீட்டில் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர் இருந்தார். வாரம் ஒருமுறை எல்லாக் கழிவறைகளிலும் கிருமிநாசினியைக் கேன் கேனாகக் கவிழ்க்கிறவர். அக்கா நேரே போய் அழைப்பு மணியை அடித்தார்.

"உன்ன யாரு இங்க வரச் சொன்னது? டிரைனேஜ் ஆளுங்க வாசல் வரைக்கும் வர்றதா?" என்று அவர் கத்தியது மூன்று மாடிக்குக் கேட்டதாம்.

"நான் உங்க வாசலுக்கு இன்னிக்குத்தான் சார் வரேன். உங்க வூட்டுது தெனம் என்னாண்ட வந்துகினுதான் கீது. அதுல இன்னா ஊத்தறீங்கன்னு கேக்க வந்தேன். கீழ கீற ஜீவனெல்லாம் செத்துப்போவுது சார்."

குடியிருப்பவரிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதாக அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கக் குடியிருப்போர் சங்கத்தில் சொன்னார்கள். நான்தான் தட்டச்சு செய்தேன். அவர் நின்றபடியே ஒரு எழுத்து விடாமல் படித்தார். "பதினோரு மணின்னு போட்டுகீற. நான் போனது பத்து அஞ்சுக்கு. தப்பா எழுதாத, மாத்து" என்றார். மாற்றிக்கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். அடுத்த சனிக்கிழமை நுரை வரவில்லை. அதற்கு ஒரு நன்றிக் கடிதம் எழுத யாரும் என்னிடம் சொல்லவில்லை.

தொட்டிகளை அமைத்துக்கொடுத்த நிறுவனத்தின் இஞ்சினியர் ஒருவரின் எண் எப்படியோ அவரிடம் இருந்தது. ஜீவன்களுக்கு எவ்வளவு காற்று வேண்டும், மழைக்காலத்தில் ஏன் மந்தமாகின்றன, எந்த வாயு எப்படிக் கொல்லும் என்று கேட்டுக் கேட்டு அந்த மனிதர் இவர் எண்ணையே தடுத்துவிட்டார். இவர் என் போனிலிருந்து பேசினார். அதையும் தடுத்தபிறகு செக்யூரிட்டி போன். கடைசியில் அந்த இஞ்சினியர் அலுத்துப்போய், அச்சடித்த ஒரு கையேட்டையே தபாலில் அனுப்பிவைத்தார். ஆங்கிலம். சாப்பாட்டு வேளையில் நான் படிக்க, இவர் கேட்பார். புரியாத இடத்தில் நான் தாண்டிப் போனால் பிடித்துக்கொள்வார். "நிறுத்து. ரெண்டு வரி முழுங்கிட்ட. படி."

அவருக்கு அங்கே வேலை போன பிறகு நடந்த ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம், அவர் மகளையும் அழைத்துக்கொண்டு, மூவருமாக மாமல்லபுரம் போனோம். பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் ஒரு கைடு சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பாறையின் நடுவில் இருக்கும் பிளவு வழியாக அந்தக் காலத்தில் தண்ணீர் அருவியாக விழுந்ததாம், மேலே தொட்டி இருந்ததாம். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அக்கா கையைத் தூக்கினார்.

"தொட்டில எத்தினி தண்ணி புடிக்கும்?"

"அது தெரியலம்மா."

"தண்ணிய மேல எப்டி ஏத்துனாங்க?"

"ராஜா காலத்து விஷயம்மா அது."

"தெனம் இங்கதான நிக்கற? ஒருநாளாவது பின்னால ஏறிப் பாத்தியா?"

கைடுக்கு முகம் சிவந்துவிட்டது. மகள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் பக்கவாட்டில் இருந்த வழியாகப் பாறைமேல் ஏறி, அந்த வெயிலில் எங்கெங்கோ குனிந்து பார்த்துவிட்டு அரைமணி நேரம் கழித்து இறங்கி வந்தார். புடவையெல்லாம் தூசி. "ராஜா வராருன்னா மேல ஒருத்தன் ஒக்காந்துகினு எப்ப தொறக்கறதுன்னு பாத்துகினே இருந்திருப்பான். சரியான நேரத்துல தொறந்திருப்பான். அவனப் பத்தி ஒரு வார்த்த சொல்றானா பாரு இவன்" என்று பஸ் ஏறும் வரை கைடைத் திட்டிக்கொண்டே வந்தார்.

இப்போது நான் நாவலூரில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். அங்கே சுவர் முழுக்க வாசகங்கள். வேலையில் இதயத்தை வை, ஆன்மாவை வை, குழந்தை மாதிரிக் கேள்வி கேள் என்று வண்ண வண்ணமாக ஒட்டியிருக்கிறார்கள். இதற்கென்று ஒரு பயிற்சியாளரை வரவழைத்து, எங்களை வட்டமாக உட்காரவைத்துக் கைதட்டச் சொன்னார்கள். நானும் தட்டினேன். இதயத்தையும் கேள்வியையும் கொண்டுவந்து வேலையில் வைத்த ஒருத்தியை என்ன செய்தோம் என்று எனக்குத் தெரியும். அதுதான் மீதிக் கதை.

தொட்டிக்குக் காற்று கொடுக்கும் மோட்டார் ஒன்று உண்டு. மார்கழியில் அதன் சத்தம் மாறுகிறது என்று அக்கா சொல்ல ஆரம்பித்தார். எனக்குக் கேட்டவரை எல்லாம் ஒரே இரைச்சல்தான். தன் தினக்குறிப்பில் அவர் எழுதினார்: 'காத்து மோட்டார் சத்தம் மாறுது. பேரிங் பாக்கணும்.' மறுநாளும் எழுதினார். இருபது நாள் எழுதினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பார்த்ததற்கு அடையாளமாக என் சுருக்கொப்பம் இருக்கிறது. முதல் இரண்டு நாள் சங்கச் செயலாளரிடம் சொன்னேன். அவர், "பொங்கல் முடியட்டும்மா" என்றார். அதற்குப் பிறகு நான் படிக்கவே இல்லை. வெறுமனே ஒப்பம் போட்டேன். இந்த எழுத்தில் இருக்கும் கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

பொங்கலுக்கு முந்தைய விடுமுறையில் மோட்டார் நின்றது. பழுது பார்க்கிறவன் ஊருக்குப் போயிருந்தான். காற்று இல்லாமல் இரண்டு நாளில் ஜீவன்கள் செத்து, தொட்டி அழுகத் தொடங்கியது.

எங்கள் சங்கத்தில் அந்த வருடம் 'கிராமத்துப் பொங்கல்'. புல்வெளியில் வாடகைக்கு எடுத்த ஓலைக் குடிசை, வாடகைக்கு எடுத்த மாட்டுவண்டி, பிளாஸ்டிக் கரும்பு. பட்டுப்புடவையும் வேட்டியுமாகக் காலையிலேயே ஜனங்கள் இறங்கிவிட்டார்கள். மாலையில் ஒரு பிரமுகர் வருவதாக ஏற்பாடு. ஒன்பதரை மணிக்கு நாற்றம் புல்வெளிக்கு வந்தது.

செயலாளர் நாவலூரில் ஏதோ கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். குரலை உயர்த்தாமல் பேசுகிற மனிதர். யாருக்கோ போன் போட்டார். பத்து மணிக்கு ஒரு காண்டிராக்டர், தொட்டிக்குள் இறங்கி அள்ள இரண்டு ஆட்களை ஸ்கூட்டரில் ஏற்றிவந்து இறக்கினார். கயிறு, வாளி, ஒரு மண்வெட்டி. அவ்வளவுதான். சி பிளாக்குக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில்தான் சேகரிப்புத் தொட்டியின் இரும்பு மூடி. அதைக் கடப்பாரையால் நெம்பித் திறந்துவிட்டார்கள். இருவரில் இளையவர் மண்டியிட்டுக் குனிந்து பார்த்துவிட்டு, "வாசனகூட பெருசா ஒண்ணும் இல்லியே" என்றார்.

அக்கா எங்கிருந்து ஓடிவந்தார் என்று தெரியவில்லை. அந்த ஆளின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். காலால் மூடியை உதைத்து மூடினார். மூடியதும் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வாசன இல்லியா? சுத்தமாகீதுன்னு நெனச்சிகினியா? உள்ள கீற வெஷ வாயுல உன் மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம்டா அது! நாத்தம் அடிக்கற வரைக்கும் ஓடலாம். அது நின்னுச்சுன்னா ஓடக்கூட நேரம் கெடையாது."

காண்டிராக்டர் கத்தினார். செயலாளர் வந்தார். அவர் அருகில் வந்து குனிந்து, எல்லோர் முன்னாலும் சிரித்த முகமாகவே சொன்னார்: "அஞ்சு நிமிஷ வேலைம்மா. எழுந்திருங்க. ஃபெஸ்டிவல் நாள், சீன் கிரியேட் பண்ணாதீங்க."

"அஞ்சு நிமிஷம்தான? நீ எறங்கு சார். நான் எழுந்துக்கறேன்."

செயலாளரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. "ஆள எறக்கக் கூடாதுன்னு சட்டமே கீது. லாரிய வரச் சொல்லியிருக்கேன். கொழா போட்டு உறிஞ்சட்டும்" என்றார் அக்கா. கேளம்பாக்கத்தில் கழிவுநீர் லாரி ஓட்டும் ஒருவரை அவரே போனில் கூப்பிட்டிருந்தார். மாட்டுவண்டி நிற்கிற வாசலில் கழிவுநீர் லாரியா என்று செயலாளருக்கு அதுதான் பெரிய விஷயமாகப்பட்டது. என் பக்கம் திரும்பி, "கேட்ல சொல்லிடுங்க, லாரிய உள்ள விடக்கூடாது. செக்யூரிட்டி ரெண்டு பேர வந்து இவங்கள எழுப்பச் சொல்லுங்க" என்றார்.

நான் சொன்னேன். இரண்டையும் சொன்னேன்.

செக்யூரிட்டிகள் வந்து பார்த்துவிட்டு, ஒரு பெண்ணை எப்படித் தொட்டுத் தூக்குவது என்று தள்ளி நின்றுவிட்டார்கள். தை வெயில்தான், ஆனால் இரும்பு மூடி. அதன் மேல் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். தண்ணீர் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. கொடுக்கவில்லை, செயலாளர் பார்ப்பார் என்று.

இறங்க வந்த இருவருக்கும் முதலில் அவர்மேல்தான் ஆத்திரம். "நல்ல நாள்ல பொழப்ப கெடுக்கறியேக்கா" என்று மூத்தவர் கத்தினார்.

"உன் பேரு இன்னா?"

"ஏழுமல."

"அவன் பேரு?"

"சின்னராசு. என் மச்சான்தான்."

"வூட்ல யாரு யாரு கீறாங்க?"

ஏழுமலை கயிற்றைக் கையில் எடுத்தார். "சொல்லு. நீ எறங்குன பிறவு நான் யாராண்ட போயி சொல்லணும்? அட்ரஸ் குடு" என்றார் அக்கா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு ஜெனரேட்டர் நிழலில் போய் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சின்னராசுதான் எழுந்துவந்து தன் பாட்டிலை அக்காவிடம் நீட்டினார். அந்த இடத்தில் அவருக்குக் கிடைத்த தண்ணீர் அது ஒன்றுதான்.

பன்னிரண்டு மணிக்கு லாரி வந்தது. கேட்டிலிருந்து எனக்கு போன்: "மேடம், லாரி வந்துகீது, இன்னா பண்றது?" நிற்கட்டும் என்றேன். இன்னொரு தடவை கேட்டார்கள். நிற்கட்டும் என்றேன். ஒரு மணி நேரம் அந்த லாரி வெளியே நின்றது. அவர் மூடியின் மேல் இருந்த மூன்று மணி நேரத்தில் கடைசி ஒரு மணி நேரம் என்னுடையது. வேறு யாருடையதும் இல்லை. ஒரு மணிக்குச் செயலாளர் கோலப்போட்டிப் பரிசு கொடுக்க மேடைக்குப் போனார். அப்போதுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. பின்வாசல் சாவியை எடுத்துக்கொண்டு நானே ஓடினேன்.

லாரியைப் பார்த்த பிறகும் அக்கா உடனே எழுந்திருக்கவில்லை. குழாயைக் கொண்டுவந்து பக்கத்தில் போடும்வரை உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது நிற்க முடியாமல் ஏழுமலையின் தோளைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று, பிடித்தவரையும் சேர்த்துத் திட்டினார்.

மாலையில் பிரமுகர் வந்தார். நாற்றம் இல்லை. மாட்டுவண்டியில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார். யாரும் சாகவில்லை. அதனால்தான் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேர் உள்ளே போய்ச் செத்திருந்தால் போலீஸ் வந்திருக்கும், நாளிதழில் வந்திருக்கும், ஐந்து பிளாக்கும் மெழுகுவத்தி ஏற்றியிருக்கும். சாகாததால், ஒரு அம்மா பண்டிகை நாளில் கலாட்டா செய்தார் என்பது மட்டும் மிச்சம். அன்று இரவே குடியிருப்போர் வாட்ஸ்ஆப் குழுவில் அந்த வீடியோ ஓடியது. 'ஆட்டிட்யூட் ப்ராப்ளம்' என்று எழுதினார் சி பிளாக்கின் இரண்டாம் மாடிக்காரர்.

விடுமுறை முடிந்ததும் செயலாளர் போனில் கூப்பிட்டார். "அந்தம்மாவுக்கு டெர்மினேஷன் லெட்டர் அடிச்சுடுங்க. ரீசன், மிஸ்காண்டக்ட். என் சைன் போட்ட லெட்டர்ஹெட் இருக்குல்ல, அதுலயே பிரின்ட் எடுத்துக்குங்க." வேலைக்கு நடுவே வந்துபோக நேரமில்லாததால், வெற்றுத்தாள்களில் கையெழுத்துப் போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம்.

அடித்தேன். அக்கா வந்து வாங்கிப் படித்தார். வேலை போனது பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மிஸ்காண்டக்ட்னா இன்னா?"

"ஒழுங்கா நடந்துக்கலன்னு..."

அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "நானா ஒழுங்கா நடந்துக்கல? இதுல எவன் போடுவான் கையெழுத்து? வேலய உட்டுத் தூக்கறது உங்க இஷ்டம், தூக்கிக்க. ஆனா இன்னா நடந்துச்சோ அத எழுது. மூடி மேல ஒக்காந்துகினா, எழுந்துக்கச் சொன்னோம், எழுந்துக்கலன்னு எழுது. போடறேன்."

"அக்கா, அப்படியெல்லாம் எழுத மாட்டாங்க."

"யாரு மாட்டாங்க? நீதான எழுதற?"

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். தமிழில் அடித்தேன். அவர் பின்னால் நின்று ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேருன்னு போடாத" என்றார். "பேரு கீதுல்ல அவங்களுக்கு. பேர எழுது."

கையெழுத்திட்ட தாளில் இரண்டு பிரதி எடுத்து, சங்கத்தின் முத்திரையை அழுத்திக் குத்தினேன். ஒன்றில் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மற்றதை நான்காக மடித்துக் கொண்டுபோனார். மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையின் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் அனுபவச் சான்று கேட்டபோது அதைத்தான் நீட்டினாராம். படித்துவிட்டு அங்கேயே வேலை போட்டுக்கொடுத்தார்கள். கம்பெனி பஸ் வந்து கூட்டிப்போகிறது. பஸ் ஏன் தினமும் ஒரே இடத்தில் அவ்வளவு குலுங்குகிறது என்று டிரைவரோடு சண்டை.

கடிதம் கொடுத்து இரண்டு நாள் கழித்து, வழக்கமாக வராத நேரத்தில் செயலாளர் எஸ்டேட் ஆபீஸுக்குள் வந்தார். கோப்பிலிருந்த பிரதி அவர் கையில் இருந்தது. அதில் இப்படி இருந்தது: 'கழிவுநீர்த் தொட்டிக்குள் ஏழுமலை, சின்னராசு ஆகியோரை இறங்கவிடாமல் மூன்று மணி நேரம் மூடியின் மேல் உட்கார்ந்திருந்ததாலும், எழுந்திருக்கச் சொல்லியும் எழுந்திருக்க மறுத்ததாலும் இவர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்.' கீழே செயலாளரின் கையெழுத்து, சங்கத்தின் முத்திரை.

"என்னம்மா இது?"

"நடந்தது சார்."

"யாரு இந்த ஏழுமலை, சின்னராசு? நம்ம ஸ்டாஃபா?"

"இல்ல சார்."

"பின்ன?"

"அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவங்க சார்."

அந்த மாதத்தோடு என் வேலையும் போகப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் குரல் தடுமாறவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தத் தாளை முதலிலிருந்து மறுபடி படித்தார். தன் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அந்த மனிதர் நிதானமாகப் படித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.